அவருடைய மாத்திரை உங்களுக்கு ஆகாது!

செஞ்சிக் கோட்டையைப் பிடிப்பதற்காக மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் காத்துக் கிடந்தது. அதே கோட்டையை 1750-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்துவிட்டார்கள்! தூக்கமும் சிலருக்கு அப்படித்தான். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தும் மசியாத தூக்கம், ஒரு மாத்திரை உள்ளே போனதும் சரணடைந்துவிடுகிறது. அந்த மாத்திரையின் மேல் மோகம் ஏற்படுவதில் ஆச்சரியம் என்ன?

செஞ்சிக் கடைத்தெருவானாலும் சரி, சென்னை மாம்பலமானாலும் சரி, சட்டம் ஒன்றுதான். ஸோல்பிடெம், அல்பிரஸோலம் முதலிய மாத்திரைகள் 2014 மார்ச் முதல் 'எச் 1' அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. டாக்டரின் பெயர், நோயாளியின் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

"கடையில்தானே இந்தக் கெடுபிடி? வீட்டில் அவருக்கு வாங்கியது இருக்கிறதே! ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டால் போயிற்று" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரி!

மூளையில் 'காபா' என்று ஒரு ரசாயனப் பொருள் உண்டு. பரபரப்பை அடக்குவது அதன் வேலை. ஸோல்பிடெம் அதற்குக் கை கொடுக்கிறது, தூக்கம் வருகிறது. பிறகு உடல் அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்ற வேண்டும். விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது. இரவு விழுங்கியது காலையிலும் ரத்தத்தில் மிச்சமிருக்கும். இதனால்தான் 2013 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா, பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கும்படி உத்தரவிட்டது.

ஆக, அவருடைய 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, உங்கள் கணக்கில் இரண்டு! காலையில் கண் திறந்திருக்கும், புத்தி விழித்திராது. அடுப்புப் பற்றவைப்பதும், குழந்தையைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டுவதும் அந்த நிலையில்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாத்திரை சாப்பிட்ட சிலர் தூக்கத்திலேயே எழுந்து நடந்திருக்கிறார்கள், சமைத்திருக்கிறார்கள், கார் கூட ஓட்டியிருக்கிறார்கள். விடிந்தால் ஒன்றும் நினைவிராது! 2019-இல் அதே இலாகா இதற்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. ஒரே ஒரு தடவை அப்படி நேர்ந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அதற்காக, டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கண்டு பயப்பட வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: எத்தனை நாளைக்கு? எந்த அளவு? நான் சாப்பிடும் மற்ற மருந்துகளுடன் ஒத்துப்போகுமா? கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுக்கப் போகும் சமயத்தில் மட்டும் சாப்பிடுங்கள். அதன் பிறகு ஏழெட்டு மணி நேரமாவது தூங்க முடிய வேண்டும். பல வாரங்கள் சாப்பிட்டவர்கள் தாமாகவே சட்டென்று நிறுத்தினால், போன தூக்கமின்மை இரட்டிப்பாகத் திரும்பி வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே நல்லது. வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் இரட்டிப்பு ஜாக்கிரதை தேவை: நள்ளிரவில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் தூக்கமின்மையே தேவலை என்றாகிவிடும்.

மாலைக் காப்பியை நிறுத்திப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். வந்த பிறகு படுங்கள்.

புடைவையை இரவல் வாங்கலாம். வார்த்தொடராக வரும் பத்திரிகையையும் வாங்கலாம். தூக்க மாத்திரையை மட்டும், கணவரிடமிருந்து கூட இரவல் வாங்காதீர்கள்!