மனு எழுதும் யந்திரம்

திங்கட்கிழமைக் காலைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கு வெளியே, மரத்தடியிலோ தேநீர்க் கடையின் சார்ப்பிலோ, பரீட்சை அட்டை ஒன்றையும் சில வெள்ளைத் தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மனு எழுதுபவரைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இருக்க முடியாது. மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்காகக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் மூதாட்டி, தன் கணவர் பெயரில் இருந்த பட்டா மைத்துனர் பெயருக்கு மாறிப்போன கதையை, கல்யாணத்தில் தொடங்கி, இடையிலே ஒரு பெருமழையையும் ஒரு பெருஞ்சண்டையையும் சேர்த்துச் சொல்லி முடிப்பதற்குள், அவர் அதிலிருந்து புல எண், கிராமம், வட்டம், கோரிக்கை ஆகியவற்றை மாத்திரம் பொறுக்கியெடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசைப்படுத்தி, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்துக் கைநாட்டுக்கு நீட்டிவிடுவார். அந்த நிலம் எந்தத் திசையில் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விஷயம் மூதாட்டியினுடையது; வாசகம் மட்டுமே அவருடையது.

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என்று பல பெயர்களில் கைப்பேசிக்குள் வந்து நிற்கும் சாட்பாட் என்னும் சம்பாஷணை யந்திரத்தை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கப்போகும் வாசகர், அதனை இந்த மனு எழுதுபவரின் வமிசத்தில் வந்ததாகப் பாவித்துக்கொள்வாரானால், அதனால் கிடைக்கக்கூடிய அனுகூலங்களில் பெரும்பாலானவற்றை அடைந்து, அபாயங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து தப்பியும் விடுவார் என்பது என் அபிப்பிராயம். நம்மில் அநேகர் அதைக் குறி சொல்பவராகப் பாவித்துவிடுவதால்தான் சங்கடம் உண்டாகிறது.

இதற்குச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 2022 நவம்பர் 30-ஆம் தேதி. ஐந்தே நாட்களில் பத்து லட்சம் பேர் அதில் பதிவு செய்துகொண்டார்கள். அடுத்த வாரமே, டிசம்பர் 9-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. கொக்கிலமேட்டிலோ தேவனேரியிலோ இருந்த ஒரு மீனவ இளைஞர் அன்று மாலை அந்தப் புதிய யந்திரத்திடம் புயலைப் பற்றிக் கேட்டிருந்தால், உலகத்து நூல்களையெல்லாம் கரைத்துக் குடித்ததாகப் பெயர் வாங்கியிருந்த அதற்கு, வாசலில் நின்ற புயலின் பெயர்கூடத் தெரிந்திராது. ஏனெனில் அதன் படிப்பு 2021-ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்தது. இப்போதைய யந்திரங்களில் பல இணையத்தைத் தேடிப் பார்த்து விடை சொல்கின்றன என்பது மெய்தான். ஆயினும் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு உரிய இடம் வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையும், அலையுயரத்தைக் கணித்துச் சொல்லும் ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும், கொண்டல் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் வித்தியாசம் அறிந்த ஊர்ப் பெரியவர்களுமே. அதே இளைஞர், புயலில் உடைந்த தம் பைபர் படகுக்கும் அறுந்த வலைக்கும் நிவாரணம் கோரி மீன்வளத் துறைக்கு ஒரு மனு எழுதிக்கொடு என்று அதனிடம் கேட்டிருந்தால், அங்கே அது தன் தொழிலைக் காட்டியிருக்கும்.

காரணம் அதன் பிறவியிலேயே இருக்கிறது. மனிதர்கள் எழுதிவைத்த ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின்னே எந்தச் சொல் வருவது பொருந்தும் என்று அனுமானிக்கப் பயின்ற யந்திரம் இது. 2017-இல் கூகுளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் எண்மர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இன்றைய யந்திரங்களுக்கெல்லாம் அஸ்திவாரம். அவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தது ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்க்கும் வேலையில். ஆகவே கொடுத்த விஷயத்தை வேறு வடிவில் திருப்பித் தருவது, அதாவது சுருக்குவது, விரிப்பது, மொழிபெயர்ப்பது, கோபத்தை மரியாதையாக்குவது ஆகியவை அதற்குக் கைவந்த கலை. கொடாத விஷயத்தைக் கேட்டாலும் அதே சரளத்தோடு அது பதில் சொல்லும் என்பதே ஆபத்து. தெரிந்ததற்கு ஒரு குரலும் தெரியாததற்கு ஒரு குரலும் அதற்கு இல்லை.

மனு எழுதும்படி கேட்பதில் ஒரு முறை உண்டு. 'தெருவிளக்கு பற்றி மனு எழுது' என்று மொட்டையாகச் சொன்னால், எந்த ஊருக்கும் பொருந்தி எந்த ஊருக்கும் உதவாத ஒரு வியாசம் வரும். 'திருக்கழுக்குன்றம் வட்டத்தில் எங்கள் ஊர்; பள்ளிக்கூடத் தெருவில் மூன்று மாதமாக விளக்கு எரியவில்லை; பிள்ளைகள் இருட்டில் டியூஷன் முடிந்து வருகிறார்கள்; வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுது; நான் சொல்லாத எந்த விவரத்தையும் சேர்க்காதே; தெரியாத இடத்தைக் கோடிட்டு விட்டுவிடு' என்று, எதிரே இருக்கும் மனிதரிடம் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் ஜீவநாடி. அவற்றைச் சொல்லாவிட்டால், இல்லாத அரசாணை எண்ணையும் நடக்காத கூட்டத்தின் தேதியையும் அது தன் உபகார புத்தியினால் சேர்த்துவிடக்கூடும். கையெழுத்து நம்முடையதாகையால் பழியும் நம்முடையதாகிவிடும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவதற்கு இது மிகவும் உகந்தது. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். தகவல் எதற்கு என்ற காரணத்தை விண்ணப்பதாரர் சொல்ல வேண்டியதே இல்லை. யந்திரமோ, மரியாதையின் நிமித்தம், காரணத்தை ஒரு பத்தி நீளத்துக்கு எழுதிவிடும் சுபாவம் உடையது. அந்தப் பத்தியைத் தயங்காமல் அடித்துவிடலாம். கேள்விகளை ஒன்று, இரண்டு என்று பிரித்து, ஒவ்வொன்றும் ஒரே ஆவணத்தைக் கேட்பதாக அமைத்துக்கொடு என்று சொன்னால் அது செய்து தரும் வேலையை, அனுபவம் மிக்க குமாஸ்தாவும் குறை சொல்ல முடியாது. சட்டப்பிரிவு எண்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்கு வருவோம். 1957-இல் அங்கே அரசாங்கம் தொடங்கிய சிற்பப் பயிற்சிக் கூடம் இன்று கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. அந்த ஊர்க் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உளி பிடிக்கும் கைக்கு உலகெங்கும் கிராக்கி இருந்தும், வெளிநாட்டுக் கோயில் ஒன்றிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்துக்குப் பதில் எழுத, இடைத்தரகரையோ கல்லூரியில் படிக்கும் பிள்ளையையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் சிற்பிகள் பலர். விலை இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, கல்லில் ரேகை கண்டால் மாற்றித் தருவோம், கப்பல் கூலி வாங்குபவருடையது என்று தமிழில் பேசினாலே, அதை வியாபார ஆங்கிலத்தில் யந்திரம் எழுதித் தந்துவிடும். வந்த கடிதத்தைப் படமெடுத்துக் காட்டினால், அதில் ஒளிந்திருக்கும் நிபந்தனைகளைத் தமிழில் பிரித்துச் சொல்லும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பிரயோஜனத்துக்காகவே கைப்பேசிக்குக் கொடுத்த காசு தகும்.

சிற்பியிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆறடி உயரத்துச் சிலைக்கான கல்லின் எடையை யந்திரம் தப்பாகப் பெருக்கிச் சொன்னால், அடுத்த கணமே அவர் சிரித்துவிடுவார். நீங்களும் முதல் வாரம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தையே கேட்டுப் பாருங்கள். எங்கே அது தேர்ந்தது, எங்கே தடுக்கி விழுகிறது என்பது அப்போதுதான் புலப்படும். மாமல்லபுரம் 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த ஊர். 1997-லேயே உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த யந்திர ஜாதியாயிற்றே, கணக்கில் பிழை வருமா என்று கேட்பவர்கள் உண்டு. அது காய் நகர்த்தவே பிறந்த யந்திரம், இது பேசப் பிறந்தது. சதுரங்கம் ஆடச் சொன்னால் விதிக்கு விரோதமாகக் குதிரையை நகர்த்திவிட்டு, அதற்கு நேர்த்தியான சமாதானமும் சொல்லக்கூடியது.

சரித்திரக் கேள்விகளிலும் இந்தச் சமாதானம் சொல்லும் குணம் உண்டு. மாமல்லபுரத்துக் குடைவரைகளையும் ரதங்களையும் யார் செய்வித்தது என்று கேட்டால், நரசிம்மவர்மன் என்ற மாமல்லன் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடக்கூடும். அங்குள்ள சின்னங்கள் அனைத்தும் அவனுக்குப் பின்வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மனுடைய காலத்தவை என்று 1962-இல் தொல்லியலறிஞர் இரா. நாகசாமி வாதித்தார், அறிஞர்களிடையே அந்த விவாதம் நெடுங்காலம் நடந்தது. பெரும்பாறைச் சிற்பம் அர்ஜுனன் தபஸா, பகீரதன் தபஸா என்பதிலும் இரு கட்சிகள் உண்டு. ஆகையால் மாணவர்கள், 'யார்?' என்று கேட்பதைக் காட்டிலும், 'இதில் என்னென்ன அபிப்பிராயங்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன?' என்று கேட்டு, வந்த விடையை நூலகப் புத்தகத்தோடு ஒப்பிடுவது உத்தமம். கணக்குப் பாடத்திலோ, விடையைக் கேட்காமல் தான் போட்ட வழியில் எந்தப் படியில் தவறினேன் என்று கேட்கும் பிள்ளைக்கு அது பொறுமையுள்ள உபாத்தியாயர்.

விவசாயிகளுக்குத் தனியாக ஒரு சாட்பாட்டை மத்திய அரசாங்கமே வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கிசான் இ-மித்ரா, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தின் தவணையைப் பற்றிய சந்தேகங்களுக்குத் தமிழிலும் விடை சொல்கிறது. மதுராந்தகத்து விவசாயி அந்தக் கேள்விக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

வைத்திய விஷயம் சற்று நின்று பேச வேண்டியது. 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற ஒரு பெரிய இடத்தில், காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பாதி விஷயத்தை மறந்துவிடும் நோயாளிகளே அதிகம். முந்தின நாள் இரவே, எப்போது வலி தொடங்கியது, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், முன்பு என்ன ஆபரேஷன் ஆயிற்று, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையெல்லாம் வாய்போன போக்கில் சொல்லி, 'டாக்டர் ஒரு நிமிஷத்தில் படிக்கும்படி அரைப் பக்கமாக எழுது. அவரிடம் நான் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளும் எழுது' என்றால், மறுநாள் அந்தத் தாள் செய்யும் உதவி சாமானியமல்ல. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் உள்ள சொற்களுக்கு அர்த்தம் கேட்கலாம். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கக் கூடாது. நெஞ்சு வலிக்கும்போது தட்டச்சு செய்துகொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

அந்தரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் எலிசா என்ற பெயரில் ஒரு சிறிய சம்பாஷணை யந்திரத்தை வெளியிட்டார். சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அதற்கு அதிகம் தெரியாது. அதனிடமே மனிதர்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்கியதைக் கண்டு அவர் திகைத்துப்போனார். இன்றைய யந்திரம் எலிசாவினும் எத்தனையோ மடங்கு இனிமையாகப் பேசுவதால், ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஓ.டி.பி.யையும் வீட்டுச் சண்டையில் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் அதனிடம் கொட்டிவிடாதிருக்க மனத்தைப் பழக்க வேண்டும். மனுவில் எண் வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுப் பின்னர் பேனாவால் நிரப்புவது சிரமமான காரியமல்ல. மறுபுறம், 'உங்கள் மின் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்' என்பது போன்ற குறுஞ்செய்தி வந்தால், அதை அப்படியே காட்டி, இதில் மோசடியின் அடையாளங்கள் உண்டா என்று கேட்பது புத்திசாலித்தனம். பணமே போய்விட்டால் யந்திரம் உதவாது. இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே சொல்ல வேண்டும்.

தட்டச்சு வராதவர்கள் பேசியே கேட்கலாம் என்பது உண்மையாயினும், கடற்கரைப் பேச்சையும் செய்யூர்ப் பக்கத்துப் பேச்சையும் அது எல்லா நேரமும் சரியாகக் காதில் வாங்குவதில்லை. வாங்கினாலும், வந்த விடையைப் படித்துப் பார்த்துப் பிழை திருத்த ஒரு படித்தவர் பக்கத்தில் வேண்டும். அந்தப் படித்தவரை ஊர்தோறும் ஏற்பாடு செய்வது நம்மால் ஆகாததல்ல. நூலகத் துறையினருக்கு என் விண்ணப்பம் இது: செங்கல்பட்டு மாவட்டத்துக் கிளை நூலகங்களில் வாரத்தில் ஒரு மாலை, ஒரு கணிப்பொறியையும் ஒரு கல்லூரி மாணவரையும் உட்காரவைத்து, மனுவோ கடிதமோ மருத்துவக் குறிப்போ எழுத வருகிறவர்களுக்கு உதவுங்கள், அப்படி எழுதிய ஒவ்வொன்றையும், எழுதக் கேட்டவருக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே அச்செடுத்துக் கொடுங்கள்.