சர்வரை அப்கிரேடு செஞ்சதும் லாகின் ஆகலையா? சாவி மேல தப்பில்ல... காரணம் இதுதான்!

ஓசூர் கம்பெனி சர்வரை நாட்றாம்பாளையத்தில் வீட்டில் இருந்தபடியே கவனித்துக்கொள்பவரா நீங்கள்? நேற்று வரை பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்ட சர்வர், அப்கிரேடு முடிந்ததும் ‘பெர்மிஷன் டினைட்’ என்கிறதா? பதறிப்போய் சாவியை அழிச்சிடாதீங்க!

என்னதான் நடந்தது?

எஸ்.எஸ்.ஹெச் லாகினுக்கு இரண்டு சாவி. பப்ளிக் கீ சர்வரில் இருக்கும், பிரைவேட் கீ உங்கள் லேப்டாப்பில் இருக்கும். ஒவ்வொரு லாகினுக்கும் பிரைவேட் கீ ஒரு டிஜிட்டல் கையெழுத்து போடும். அதைச் சரிபார்த்துத்தான் சர்வர் உள்ளே விடும்.

பழைய ஆர்.எஸ்.ஏ கையெழுத்து ‘ஷா-1’ என்ற கணக்கை நம்பியிருந்தது. 2017-ல் கூகுளும் நெதர்லாந்தின் சி.டபிள்யூ.ஐ ஆய்வு மையமும், இரண்டு வெவ்வேறு பி.டி.எஃப்-களுக்கு ஒரே ஷா-1 மதிப்பு வரவைத்துக் காட்டின. அதோடு நம்பிக்கை போச்சு. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச் 8.8, இந்தக் கையெழுத்தை ஏற்பதை நிறுத்தியது. உபுண்டு 20.04-ல் இருந்தது 8.2. 22.04-ல் வருவது 8.9. சிக்கல் இங்கேதான்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்வரின் ஆத் லாக் ஃபைலைப் பாருங்க. ஆர்.எஸ்.ஏ வகை, ஏற்கப்படும் பட்டியலில் இல்லை என்று இருந்தால் காரணம் இதேதான். இல்லையென்றால் பெர்மிஷனைப் பாருங்க. எஸ்.எஸ்.ஹெச் ஃபோல்டருக்கு 700, சாவிப் பட்டியல் ஃபைலுக்கு 600 இருக்கணும்.

தீர்வு என்ன?

* முதலில் உங்கள் பக்கத்து சாஃப்ட்வேரை அப்டேட் பண்ணுங்க. புட்டி என்றால் 0.75 அல்லது அதற்குப் பிந்தையது வேணும். பழைய ஆர்.எஸ்.ஏ சாவியே புது ஷா-2 கையெழுத்தைப் போடும்.
* இ.டி.25519 வகையில் புது சாவி உருவாக்கிச் சேர்ப்பது இன்னும் நல்லது.
* பழைய முறையைத் திரும்ப ஆன் செய்வது தற்காலிகம்தான். வேலை முடிந்ததும் ஆஃப் பண்ணிடுங்க.

இதை மறக்காதீங்க!

அப்கிரேடுக்கு முன்பே புது சாவியைச் சேர்த்து, லாகின் ஆகுதான்னு பாருங்க. செட்டிங்கை மாற்றும்போது, திறந்திருக்கும் கனெக்‌ஷனை மூடாமல் இன்னொரு விண்டோவில் சோதிங்க. இரண்டாவது விண்டோ உள்ளே போன பிறகு முதலாவதை மூடலாம். அவசரப்பட்டு மூடினால், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியா ஓசூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்!