ஒரே கணக்கு, இரண்டு விடை: கணினி மொழிகளை ஒப்பிடும் பாடம் யாருக்குக் கிடைக்கிறது?

புது டெல்லி: மைனஸ் ஏழை இரண்டால் வகுத்து, பின்னம் இல்லாமல் முழு எண்ணாக விடை கேட்டால், சி மொழி மைனஸ் 3 என்கிறது. பைத்தானின் முழு எண் வகுத்தலோ மைனஸ் 4 என்கிறது. இரண்டுமே பிழையல்ல. முதலாவது விடையைப் பூஜ்யத்தை நோக்கி நகர்த்துகிறது. இரண்டாவது எப்போதும் கீழ்நோக்கி இறங்குகிறது. 1999-க்கு முந்தைய சி மொழித் தரவரையறையோ, இதில் எதைப் பின்பற்றுவது என்பதைக் கம்பைலர் தயாரிப்போரின் முடிவுக்கே விட்டிருந்தது. இதை அறியாத ஒருவர் ஒரு மொழியில் எழுதிய நிரலை இன்னொன்றுக்கு அப்படியே மாற்றினால், கணினி எந்த எச்சரிக்கையும் தராது. விடை மட்டும் மாறியிருக்கும்.

இத்தகைய வேறுபாடுகளை அடுக்கடுக்காக எடுத்து, அவற்றின் காரணத்தை ஆராயும் பாடம் ஒன்று பொறியியல் கல்வியில் உண்டு. டெல்லி ஐஐடியில் கணினிப் பொறியியல் மாணவர்கள் 'நிரல்மொழிகள்' என்ற பெயரில் இதைக் கட்டாயப் பாடமாகப் படிக்கின்றனர். சந்தையில் வேலை தரும் ஜாவாவையோ பைத்தானையோ பழக்குவது இதன் நோக்கமல்ல. கற்பிக்கும் பேராசிரியரைப் பொறுத்து எஸ்.எம்.எல். அல்லது ஓகேமல், அவற்றுடன் புரோலாக் என, வேலைவாய்ப்பு விளம்பரங்களில் அரிதாகவே தென்படும் மொழிகள் இங்கு கையாளப்படுகின்றன. புரோலாக்கில் கணினிக்கு வழிமுறை சொல்வதில்லை. உண்மைகளையும் விதிகளையும் எழுதிவைத்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். சிறிய மொழி ஒன்றை இயக்கும் நிரலை மாணவரே எழுதுவதும் இப்பாடத்தின் பயிற்சிகளுள் அடங்கும்.

இதனால் என்ன பயன் என்று கேட்போர் உண்டு. மேற்கோள் குறிக்குள் இட்ட 1 என்ற எழுத்துடன் 1 என்ற எண்ணைக் கூட்டச் சொல்லிப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 11 என்று தருகிறது. பைத்தான், நிரல் ஓடும்போது அந்த வரிக்கு வந்ததும் மறுத்து நின்றுவிடுகிறது. ஓகேமல் அந்த நிரலை ஓடவே விடுவதில்லை. சி மொழி மறுப்பின்றி ஏற்று, நினைவகத்தில் ஓர் இடம் தள்ளியுள்ள முகவரியைக் கையில் கொடுக்கிறது. எழுதுபவரை முழுமையாக நம்புவதா, முன்கூட்டியே தணிக்கை செய்வதா, தவறு நேரும்போது பிடிப்பதா என்பதில் ஒவ்வொரு மொழியும் ஒரு நிலைப்பாடு எடுத்திருக்கிறது. கிட்டத்தட்ட அரசியல் சட்டம் வகுப்பவர்களுக்கு எழும் கேள்விகளே இவை.

இது வகுப்பறைக்குள் முடியும் விவாதமும் அல்ல. தனது மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைக் கையாள்வதில் நேர்ந்த தவறுகள் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019-இல் தெரிவித்தது. சி, சி++ ஆகிய மொழிகளில் இத்தகைய தவறுக்கு வாய்ப்பு மிகுதி. நினைவகப் பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறுமாறு அமெரிக்க அதிபர் மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் 2024 பிப்ரவரியில் அறிக்கையே வெளியிட்டது. எந்த மொழியில் எழுதுவது என்பது அரசின் கொள்கை முடிவாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒரு மொழி நிரலை நொடியில் மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் இக்காலத்தில், பெயர்ப்பு சரிதானா என்று சரிபார்க்க, இரு மொழிகளின் போக்கையும் அறிந்த ஒருவர் தேவைப்படுகிறார்.

ஆனால் நாட்டின் பொதுப் போக்கு வேறு திசையில் செல்கிறது. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வின் கணினிப் பாடத்திட்டம் நிரலாக்கத்துக்குச் சி மொழியை மட்டுமே குறிப்பிடுகிறது. மாறியின் எல்லை எது, மதிப்பு எப்படி அனுப்பப்படுகிறது போன்ற தலைப்புகள் முன்பு அதில் வெளிப்படையாக இருந்தன. ஒரே நிரல் வெவ்வேறு விதிமுறைகளில் என்ன அச்சிடும் என்று 2003 தேர்வில் கேட்டிருந்தார்கள். அந்தத் தலைப்புகள் பின்னாளில் பட்டியலிலிருந்து மறைந்தன. தேர்வில் வராத பகுதியைக் கல்லூரிகள் எப்படி நடத்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மொழியோடு நின்றுவிடும் பழக்கத்துக்கு வரலாறும் உண்டு. கான்பூர் ஐஐடிக்கு 1963-இல் ஐபிஎம் 1620 கணினி வந்தபோது நிரலாக்கம் என்றாலே ஃபோர்ட்ரான்தான். ஈரோட்டில் பிறந்து டெல்லியில் தமிழர்கள் நடத்திய பள்ளியில் படித்த வி.ராஜாராமன் அங்கு அதைக் கற்பித்தார். பின்னர் ஃபோர்ட்ரான், பாஸ்கல், சி என்று காலத்துக்கேற்ப நூல்களை எழுதினார். அவற்றில் பயின்ற தலைமுறைகள் ஏராளம். ஒப்பீட்டு முறையில் எழுதிய இந்தியரும் உண்டு. கான்பூர் ஐஐடியில் படித்த ரவி சேத்தி 1989-இல் வெளியிட்ட நிரல்மொழிக் கோட்பாட்டு நூல், மொழிகளை அவற்றின் சிந்தனை முறையால் வகைப்படுத்திக் காட்டுகிறது. சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகம் ஒருபடி மேலே சென்று, இளநிலை மாணவர்களுக்கு நிரலாக்கத்தை ஹாஸ்கெல் மொழியிலேயே தொடங்கியது. பள்ளியில் வேறு மொழி பயின்று வந்தவரும், கணினியையே தொடாமல் வந்தவரும் அந்த வகுப்பில் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றனர். சமூக நீதி பேசுவோர் கவனிக்கத்தக்க செய்தி இது.

மற்றவர்களுக்கு என்ன வழி? டெல்லி ஐஐடி பேராசிரியர் எஸ்.அருண்குமார் இப்பாடத்தை நடத்திய ஒளிப்பதிவு, மத்திய அரசின் நிதியில் நடக்கும் என்பிடெல் திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஹாஸ்கெல் குறித்த சென்னைக் கழகத்தின் விரிவுரைகளும் அங்கு உண்டு. விரிவுரையை எவரும் கேட்கலாம். ஆனால் மாணவர் எழுதிய நிரலை வாங்கிப் படித்து, எந்த வரியில் ஏன் தவறினார் என்று சொல்ல ஆசிரியர் வேண்டும். அவரை ஒளிப்பதிவில் அனுப்ப முடியாது. 2024-இல் கேட் தேர்வில் தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்ற புதிய தாள் சேர்க்கப்பட்டது. அதன் பாடத்திட்டத்திலும் நிரலாக்கத்துக்குக் குறிப்பிடப்பட்டிருப்பது ஒரே மொழிதான்: பைத்தான்.