காயம்பட்ட கோழியும் நமது கடமையும்



ஆவுடையார்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களில் கோழி மேயாத முற்றம் அரிது. சிறுவிடை, பெருவிடை எனும் நாட்டுக்கோழிகளுள் ஒன்றைப் பிள்ளைகள் பெயரிட்டு அழைத்து, கையால் அரிசி ஊட்டி, தமக்கே உரியதாக ஆக்கிக்கொள்வதும் உண்டு. அறந்தாங்கி – மீமிசல் சாலையில் விரையும் வண்டியில் அடிபட்டோ, நாயிடம் சிக்கியோ அக்கோழி ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினால், பெரியவர்கள் வாயில் வரும் முதற்சொல், “சாவதற்குள் அறுத்துவிடுங்கள்” என்பதே. பிள்ளையோ அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுகிறது. அவ்வேளையில் அத்தா என்ன முடிவு செய்வது?

மார்க்கம் காட்டும் வழி

பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்பதை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிறு குருவியுடன் விளையாடி வந்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். ஒரு பறவைக்காகக் குழந்தை கொள்ளும் துயரத்தை அண்ணலார் அற்பமாக எண்ணவில்லை. பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காத பெண் தண்டிக்கப்பட்ட செய்தியையும் நாம் அறிவோம். ஓர் உயிரை நம் பொறுப்பில் வைத்துக்கொண்டால் அதன் பசியும் வலியும் நம்மிடம் கேட்கப்படும்.

அதேவேளை, அறுப்பது கொடுமையும் அன்று. கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த பணிப்பெண், ஓர் ஆடு இறக்கும் நிலையில் இருப்பதைக் கண்டு, கல்லை உடைத்து அதன் கூர்முனையால் அறுத்தார். அதை உண்ண நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஆகவே சிகிச்சையும் ஆகும், அறுப்பதும் ஆகும். எது பொருந்தும் என்பதைக் காயமே சொல்லும். முதலில் காயத்தை அறிய வேண்டும்.

காயத்தை அறிதல்

கோழியைத் துரத்திப் பிடிக்கலாகாது. அந்தி மங்கியபின் அமைதியாகப் பிடித்து, ஒரு துண்டால் இறக்கைகளைச் சேர்த்துச் சுற்றினால் அது அடங்கும். பின்னர் விரல் நுனியிலிருந்து தொடை வரை இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விரல்களில் நூலோ, தலைமுடியோ, மீன்வலை இழையோ சுற்றி இறுகியிருக்கலாம். அவ்விரல் வீங்கிக் கறுத்துப் பின் உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, சிறு கத்தரிக்கோலால் இழையைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தாலே பாதி நோய் தீரும்.

உள்ளங்காலில் வீக்கமும் நடுவே கருநிறப் பொருக்கும் இருந்தால் அது பாதச் சீழ்ப்புண். உயரத்திலிருந்து கடினத் தரையில் குதிப்பதால் உண்டாகும் சிறு கீறல் வழியே கிருமி நுழைவதே காரணம். நாள்தோறும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான உப்பு நீரில் வைத்து, பொவிடோன் அயோடின் தடவி, துணி சுற்றிக் கட்ட வேண்டும். வீக்கம் வற்றாவிடில் மருத்துவரே கீறிச் சீழை எடுக்க வேண்டும். தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம்.

இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இறகில்லாத கீழ்க்கால் எலும்பு முறிந்து, தோல் கிழியாதிருந்தால் கட்டுப் போடலாம். முதலில் பஞ்சு சுற்றி, இருபுறமும் மெல்லிய மூங்கில் சிம்பு வைத்து, அளவாகக் கட்ட வேண்டும். கட்டுக்குக் கீழே விரல்கள் வீங்கினாலோ, குளிர்ந்தாலோ, கறுத்தாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். உடனே தளர்த்த வேண்டும். பறவையின் எலும்பு விரைந்து கூடும் இயல்புடையது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் கூடிவிடும். தொடை எலும்பு முறிவுக்கும், எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கும் வீட்டு வைத்தியம் உதவாது. கால்நடை மருந்தகம் ஆடு மாடுகளுக்கு மட்டும் உரியதன்று. கோழியையும் அங்கே கொண்டுசெல்லலாம்.

காயமே இன்றிக் கால் செயலிழந்தால் நோயென்று ஐயுற வேண்டும். இளங்கோழி ஒரு காலை முன்னும் மறுகாலை பின்னும் நீட்டிக் கிடப்பது மாரெக்ஸ் நோயின் அறிகுறி. கழுத்து திருகலும் பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சலும் ராணிக்கெட் நோயைக் காட்டும். இரண்டுக்கும் மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. அக்கோழியை உடனே பிரித்து வைத்து, மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பராமரிக்கும் முறை

இரத்தம் கண்ட இடத்தை மற்றக் கோழிகள் கொத்தும். எனவே பஞ்சாரத்தின்கீழ் தனியே வைத்து, வைக்கோல் பரப்பி, தீனியும் நீரும் கழுத்தெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். வழுக்கும் காகிதம் விரித்தல் கூடாது. எழ இயலாத கோழியை நாளில் பலமுறை இடம்மாற்றிக் கிடத்தினால் நெஞ்செலும்பில் புண் வராது.

மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. டைக்ளோஃபெனாக் மருந்து ஏற்றப்பட்ட மாடுகளின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டதால், அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடைசெய்தது. நமக்கு மருந்தாவது பறவைக்கு நஞ்சாகலாம். மருத்துவர் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தால், அவர் சொல்லும் நாள்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது.

எப்போது அறுப்பது?

கோழி தீனி தின்று, நீர் குடித்து, நாளுக்கு நாள் தேறினால் பொறுமையோடு பேணுங்கள். ஒற்றைக் காலில் நொண்டியபடியே நெடுநாள் வாழும் கோழிகள் உண்டு. எலும்பு நொறுங்கி, தீனியை மறந்து, வலியில் கண்மூடிக் கிடந்தால் நாட்களை நீட்டுவது இரக்கமன்று. உயிர் இருக்கும்போதே அல்லாஹ்வின் பெயர் கூறி, கத்தியைத் தீட்டி, விரைந்து அறுப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். நோயால் துவண்ட கோழியாயின் அதன் இறைச்சியை உண்ணாமல் புதைத்துவிடுவதே நலம். பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள். மறைவாக அறுத்துக் குழம்பாக்கி அதன் இலையிலேயே பரிமாறாதீர்கள்.

சகோதரர்களே! பல காயங்கள் நம் கையாலேயே நேர்கின்றன. கோழிகளின் கால்களைச் சேர்த்துக் கட்டி, மிதிவண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டுச் செல்கிறோம். விலங்குகளைத் தேவையற்ற வலி உண்டாகும்படி எடுத்துச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் அறுக்கும் வேளையிலும் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு இதம் அளிக்கச் சொன்ன நபியின் உம்மத்திற்கு, சட்டம் வந்துதானா இதைச் சொல்ல வேண்டும்?

வாயில்லா உயிர்களிடம் இரக்கம் காட்டி, இறைவனின் இரக்கத்திற்கு உரியோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.