சிமுலேட்டரில் வாங்கிய மார்க் களத்தில் செல்லுமா?

முட்டுக்காட்டிலிருந்து ஈ.சி.ஆரில் சென்னைப் பக்கம் வந்தால் கானத்தூர், உத்தண்டி. இரண்டு ஊரிலும் கடல்சார் பல்கலைக்கழகங்கள் உண்டு. இந்தப் படிப்பில் பிள்ளைகள் கடலுக்குப் போகும் முன்பே, திரைகள் சூழ்ந்த அறைக்குள் நின்று கப்பல் ஓட்டிப் பழகுகிறார்கள். டாங்கிக்கும் இதே யோசனைதான். ஆவடியில் உருவாகும் அர்ஜுனுக்குள் நாலு பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். டீசல், குண்டு செலவில்லாமல் இவர்கள் சண்டை பழகலாம். ஆனா, பழகியது களத்தில் கைகொடுக்குமா என்று எப்படி அளப்பது?

'பத்தாவது தடவை நல்லா செஞ்சாங்க' என்பது பதில் இல்லை. அவர்கள் அந்தக் கருவியைக் கற்றிருக்கலாம், சண்டையை அல்ல.

விமானப் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டான்லி ராஸ்கோ 1971-இல் ஒரு கணக்கு சொன்னார். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். நேரடிப் பயிற்சியில் தேற 20 மணி நேரம் ஆகிறது. முதலில் 10 மணி சிமுலேட்டரில் இருந்தவர்களுக்கு 14 மணி போதும். மிச்சம் 6, விகிதம் 0.6. சிமுலேட்டரை 20 மணி ஆக்கினால் களத்தில் 12 மணி. அதாவது இரண்டாவது பத்து மணி மிச்சப்படுத்தியது வெறும் 2, விகிதம் 0.2. சிமுலேட்டர் செலவு டாங்கிச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் அந்தப் பத்து மணி நட்டம். பட்ஜெட் போடுகிறவர்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

குழு என்று வந்தால் சிக்கல் கூடும். அமெரிக்காவின் சிம்நெட் பல டாங்கி சிமுலேட்டர்களை வலையில் இணைத்தது. அதில் பழகிய அணி 1987-இல் நேட்டோ நாடுகளின் 'கனடா ராணுவக் கோப்பை' போட்டியில் வென்றது. அமெரிக்காவுக்கு அதுவே முதல் வெற்றி. உடனே சிம்நெட்டுக்குத்தான் பாராட்டு. எனக்கு இது ஒட்டவில்லை. அவர்கள் நிஜ டாங்கியிலும் சுட்டுப் பழகியவர்கள்; சிம்நெட் இல்லாமல் தயாரான இணையான அணி எதுவும் பக்கத்தில் இல்லை.

இன்னொரு வழி, காட்சிக்குள் சோதனைகளை முன்கூட்டியே புதைப்பது. ரேடியோவை அறுத்துவிடு, பக்கவாட்டில் எதிரியைக் காட்டு. யார் முதலில் சொன்னார், மற்ற டாங்கிகளுக்குத் தகவல் போனதா, பீரங்கி திரும்பியதா என்று குறித்துக்கொள். பிறகு அதே சோதனையை மைதானத்தில், நிஜ டாங்கியோடு, சிமுலேட்டரைத் தொடாத ஒரு குழுவுக்கும் வை.

அப்போதும் ஒன்று தப்பிப்போகும். அர்ஜுனின் 120 மி.மீ. பீரங்கியில் லோடர் கையால்தான் குண்டு ஏற்றுகிறார். சிமுலேட்டரில் அதை ஒரு பட்டனாக வைத்துவிட்டால், மேடுபள்ளத்தில் குலுங்கும் வண்டியில், வெக்கையில், அவர் கை ஓய்ந்துபோவது மார்க்கில் வரவே வராது.