ஆரவாரத்தின் நடுவே அகவழிபாடு



திருவிழாக் காலங்களில் அன்பர் பலர் மனம் நொந்து கூறும் குறை ஒன்று உண்டு. "கோயிலுக்குப் போனால் அமைதி கிட்டும் என்கிறார்கள். அங்கே அமைதி எங்கே இருக்கிறது? கூட்டம், கூச்சல், நெரிசல், மேளம், மணி, ஒலிபெருக்கி! மூலவரைக் கண்ணாரக் காண்பதற்குள் நகரச் சொல்லிவிடுகிறார்கள். இதைவிட வீட்டிலேயே ஒரு விளக்கை ஏற்றிவைத்துக் கும்பிடுவது மேல்" என்பதே அக்குறை.

இவ்வாறு சொல்லுகிறவர்கள் பத்தி இல்லாதவர்கள் அல்லர். நோயுற்ற கணவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களிலே இருப்பார்கள். பிள்ளையின் பிழைப்புக்கு வழி தெரியாமல் வந்தவர்கள் இருப்பார்கள். இறைவனிடத்தில் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று நெடுநேரம் நின்று, அந்த ஒரு சொல்லையும் சொல்ல முடியாமல் வெளியே வந்துவிட்டவர்களின் துயரம் அது. ஆதலின் அதனை எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. திருக்கோயிலின் ஆரவாரத்துக்கு நடுவே உண்மையான வழிபாடு கைகூடுமா, கைகூடுமாயின் எவ்வாறு என்பதனை இங்கே சிந்திப்போம்.

இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருமயிலை என்னும் ஓர் ஊரையே எடுத்துக்கொள்ளலாம்.

மயிலையில் சிவநேசர் என்னும் வணிகரின் மகளாகிய பூம்பாவை, மலர் கொய்யச் சென்ற இடத்தில் அரவு தீண்டி இறந்தாள். அவளுடைய எலும்பையும் சாம்பலையும் தந்தையார் ஒரு குடத்தில் இட்டுக் காத்துவந்தார். திருஞானசம்பந்தப் பிள்ளையார் கபாலீச்சரத்துக்கு எழுந்தருளித் திருப்பதிகம் பாடி, அக்குடத்திலிருந்து அவளை உயிருடன் எழச் செய்தார். இறந்த பெண்ணை அழைக்கும்போது பிள்ளையார் எதனைச் சொல்லி அழைத்தார் என்பது நம் சிந்தனைக்கு உரியது. ஓணவிழா, கார்த்திகை விளக்கீடு, ஆதிரை நாள், தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஆண்டு முழுவதும் நிகழும் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி, இவற்றைக் காணாமலே போய்விடுவாயோ என்று வினவினார். ஒலியும் ஒளியும் மக்கள் திரளும் நிறைந்த பெருவிழாவைக் காண்பது பிறவி எடுத்ததன் பயன்களுள் ஒன்று என்பதே அப்பதிகத்தின் உட்கிடை.

அதே மயிலையில் தோன்றியவர் வாயிலார் நாயனார். அவர் செய்த வழிபாட்டுக்கு மணியோசையும் இல்லை, மலர்க்குவியலும் இல்லை. இறைவனை மறவாமை என்பதனையே கோயிலாக எழுப்பினார். உணர்வையே விளக்காக ஏற்றினார். அழியாத ஆனந்தத்தைத் திருமஞ்சனமாக ஆட்டினார். அன்பையே திருவமுதாகப் படைத்தார். புறத்தே ஓர் ஒலியும் எழாத பூசனை அது. அவரையும் திருத்தொண்டத்தொகை அறுபத்து மூவருள் ஒருவராக வைத்துப் போற்றுகிறது.

ஆகவே விழாவின் முழக்கமும் உள்ளத்தின் மோனமும் ஒன்றுக்கொன்று பகை என்று நம் முன்னோர் கருதவில்லை. ஒரே ஊர் இரண்டினையும் தாங்கி நிற்கிறது. அவை இரண்டும் ஒருவருடைய உள்ளத்திலேயே கூடுவது எங்ஙனம்?

சைவ சித்தாந்தம் உயிரின் இயல்பினைப் பற்றிக் கூறும் உண்மை ஒன்று இதற்குத் துணைசெய்யும். உயிர் எதனைச் சார்ந்து நிற்கிறதோ அதன் வண்ணமாகவே ஆகும் தன்மையுடையது. பளிங்கு தன் அருகே வைத்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிர் தான் சார்ந்த பொருளின் இயல்பைப் பெறுகிறது. இருளைச் சார்ந்தால் இருளாகிறது. ஒளியைச் சார்ந்தால் ஒளியாகிறது. திருக்கோயிலுக்குள்ளும் இதுவே நிகழ்கிறது. முன்னே நிற்பவரின் உயரத்தையும் பின்னே நிற்பவரின் தள்ளுதலையும் சார்ந்து நிற்கும் உள்ளம் அந்த நெரிசலாகவே ஆகிவிடுகிறது. அதே இடத்தில், அதே நேரத்தில், சிவபெருமானைச் சார்ந்து நிற்கும் உள்ளமோ அவனுடைய அமைதியைப் பெறுகிறது. கூட்டம் இருவருக்கும் ஒன்றே. சார்பு மட்டுமே வேறு.

இதற்குச் சிவாலயத்தில் நாம் நாளும் காணும் சான்றுகள் இரண்டு உள. முதலாவது சான்று நந்தியெம்பெருமான். பிரதோட வேளையில் அவரைச் சுற்றி நிகழும் ஆரவாரத்தை அறியாதார் யார்? பால்குடங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அன்பர்கள் முண்டியடிக்கின்றனர். அவருடைய பார்வையோ மூலத்தானத்தை விட்டு அணுவளவும் விலகுவதில்லை. பதியை நோக்கி இருக்கும் பசு எப்படி இருக்க வேண்டும் என்பதனைக் கல்லிலே காட்டும் பாடம் அது.

இரண்டாவது சான்று சண்டேசுர நாயனார். சேய்ஞலூரில் விசாரசருமர் என்னும் பெயருடன் தோன்றிய அவர், மண்ணியாற்றங்கரையில் ஆத்தி மரத்தின் கீழ் மணலால் இலிங்கம் அமைத்து, பசுக்கள் தந்த பாலால் திருமுழுக்காட்டி வந்தார். அதனைப் பொறாத தந்தை எச்சதத்தன் வந்து கோலால் முதுகில் அடித்தான், கடுஞ்சொற்களைக் கூறினான். மகனாருக்கு அந்த அடியும் தெரியவில்லை, அச்சொல்லும் கேட்கவில்லை. பாற்குடத்தைத் தந்தை காலால் இடறிய பின்னரே அவர் திரும்பிப் பார்த்தார். தம் உடம்பின்மேல் விழுந்த அடி அவருடைய வழிபாட்டைக் கலைக்கவில்லை. வழிபாட்டுக்கு நேர்ந்த இடையூறே அவரை எழுப்பியது. கூட்டத்தில் ஒருவருடைய தோள் நம்மேல் இடித்துவிட்டால் அரைமணி நேரம் மனம் கொதிக்கிற நாம், அந்நாயனாரின் சந்நிதியில் நிற்கும்போதேனும் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

இனி, ஒலி என்பதனைச் சற்று வகுத்து நோக்குவோம். திருக்கோயிலில் கேட்கும் ஒலிகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. மணி, சங்கு, நாகசுரம், தவில், வேத மந்திரம், ஓதுவார் பாடும் திருமுறை ஆகியவை வழிபாட்டின் உறுப்புகள். சித்தாந்தம் கூறும் தத்துவங்கள் 36. அவற்றுள் சிவதத்துவங்கள் ஐந்தில் தலையாயது நாதம். ஒலியே படைப்பின் தொடக்கம் என்பது இதன் கருத்து. தீபாராதனையின்போது மணிகள் ஒருசேர முழங்குவது ஊர்க்கதை பேசும் நாவை அடக்கி, அலையும் செவியை ஓரிடத்தில் நிறுத்துகிறது. அம்முழக்கத்தோடு போராடுபவருக்கு அது கூச்சல். அதனுள்ளே நுழைந்துவிடுபவருக்கு அது மதிலாகச் சூழ்ந்து காக்கும் துணை. அந்நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் நமக்குக் கேட்பதில்லை; நாம் மனமுருகி விண்ணப்பிப்பதும் பிறர்க்குக் கேட்பதில்லை.

மற்றொரு வகை ஒலி வீணொலி. குடும்பச் செய்தி பேசுதல், வரிசையில் சண்டையிடுதல், கைப்பேசியில் உரையாடுதல் முதலியன இதன்பாற்படும். ஆறுமுக நாவலர் இயற்றிய சைவ வினாவிடை திருக்கோயிலில் செய்யத் தகாதவற்றை நிரல்படக் கூறுகிறது. வீண்பேச்சும் அவற்றுள் ஒன்று. நம் காலத்தில் கைப்பேசியால் அமைதி குலைவது கண்டு, 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகத் திருக்கோயில்களில் அதற்குத் தடை விதிக்குமாறு ஆணையிட்டது. நாமே கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கத்தை நீதிமன்றம் எடுத்துச் சொல்ல நேர்ந்தது நமக்குப் பெருமை ஆகாது.

மூன்றாவது ஒலி ஒன்று உண்டு. அது பிறர் செவிக்குக் கேளாதது. "நான் முன்னே வந்தேன், இவன் எப்படி உள்ளே போனான்? எனக்கு ஏன் பிரசாதம் கிடைக்கவில்லை?" என்று நம்முள்ளே ஓயாது எழும் ஒலி அது. அகங்காரம் என்னும் கருவியின் குரல். மேளம் ஒரு நாழிகையில் ஓய்ந்துவிடும். இக்குரலோ வீட்டின் தனியறையிலும் நம்மை விடுவதில்லை. கூட்டத்தை விட்டு ஓடினால் அமைதி வந்துவிடும் என்று எண்ணுகிறவர்கள், அக்குரலையும் உடன்கொண்டு ஓடுகிறார்கள் என்பதனை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியாயின் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்வதோடு நம் கடமை முடிந்ததா? இல்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களை உடையது. அவற்றுள் இறுதி நூற்பா மலம் நீங்கியவர் செய்ய வேண்டுவதைக் கூறும்போது, மெய்யன்பரோடு கூடியிருந்து, அவர்களுடைய திருவேடத்தையும் சிவாலயத்தையும் சிவன் எனவே கண்டு தொழுக என்று விதிக்கிறது. அடியார் திருவேடமும் ஆலயமும் அங்கே ஒரே தொடரில், ஒரே தகுதியுடன் வைக்கப்பட்டிருப்பது காண்க. திருநீறு பூசி நமக்கு முன்னே நிற்பவர் மறைக்கும் சுவர் அல்லர், நாம் தொழத்தக்கவர். மூலவர் மறைந்துவிட்டாரே என்று வருந்தும் நொடியில், நம் முன்னே கைகூப்பி நிற்கும் ஒரு மூதாட்டியின் நடுங்கும் கரங்களைக் கண்டு உள்ளம் கசிந்தால் அதுவும் தரிசனமே ஆகும்.

இதனை மறந்தால் நேர்வது என்ன? 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணம் மகாமகத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். புண்ணிய நீராட வந்தவர்கள் அவர்கள். கூட்டத்தை நெறிப்படுத்துதல் அதிகாரிகளின் பொறுப்பே, ஐயமில்லை. எனினும் பெருங்கூட்டத்தில் ஒவ்வோர் அடியையும் பொறுமையாக எடுத்துவைப்பது ஒவ்வோர் அன்பருடைய கடமையும் ஆகும். பிறரைத் தள்ளிப் பெற்ற தரிசனத்தை விட, குழந்தையை ஏந்திய தாய்க்கு வழிவிட்டு இழந்த தரிசனம் இறைவனுக்கு உவப்பானது.

இனி நடைமுறைக்குரிய சில நெறிகளைக் கூறுவோம்.

கோயிலுக்குப் புறப்படும் முன்னரே, இன்று இறைவனிடம் சொல்ல வேண்டுவது எது என்பதனை உள்ளத்தில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பத்துக் குறைகளைச் சுமந்து சென்றால் சந்நிதியில் கிடைக்கும் இரண்டு நொடியில் ஒன்றும் நினைவுக்கு வாராது. ஒரே விண்ணப்பமாயின் ஒரு நொடியே போதும்.

வரிசையில் நிற்கும் நேரத்தை வீணான நேரமாகக் கருதாதீர்கள். ஐந்தெழுத்தை ஓதும் முறை மூன்று. பிறர் கேட்க ஓதுவது வாசகம். தன் செவிக்கு மட்டும் கேட்குமாறு மெல்ல ஓதுவது உபாஞ்சு. நா அசையாமல் உள்ளத்தால் ஓதுவது மானதம். இவற்றுள் மானதமே தலைசிறந்தது என்பர். அதனை எந்த இரைச்சலும் தடுக்க முடியாது. ஒரு மணி நேரம் காத்திருந்தவருக்கு ஒரு மணி நேரம் செபம் கிட்டியது என்று கொள்ளலாம்.

சந்நிதியை அடைந்ததும் கண்ணை மூடிக்கொள்ளாமல், திறந்த கண்ணால் திருமேனியை உள்ளத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடித் தியானிப்பதற்கு வேறு இடம் உண்டு. தரிசனம் முடிந்ததும் விரைந்து வெளியேறாமல், வலம்வந்து, சண்டேசுரரிடம் வழிபாட்டின் பயனை வேண்டி, கொடிமரத்தின் அருகே வீழ்ந்து வணங்கி, திருச்சுற்றில் ஓரிடத்தில் சிறிது நேரம் அமருங்கள். கருவறை முன் கண்ட வடிவத்தை அங்கே மீண்டும் உள்ளத்தில் காணுங்கள். சந்நிதியில் சொல்லாமல் விடுபட்ட சொல்லை அங்கே சொல்லுங்கள். பத்து அடி தள்ளி அமர்ந்து சொன்னால் கேளாதவன் அல்லன் இறைவன். நெரிசல் பொறுக்க இயலாத முதியோரும் நோயாளரும் விழா நாள் தவிர்ந்த பிற நாள்களில், உச்சிக்காலத்துக்கு முன்போ அர்த்தசாமத்திலோ செல்லலாம். அது குறைவுபட்ட வழிபாடு ஆகாது.

வீட்டு வழிபாடு வேண்டா என்று நாம் கூறவில்லை. வீட்டில் நாள்தோறும் சிறிது நேரம் உள்ளத்தைக் குவித்துப் பழகியவருக்கே கூட்டத்தின் நடுவிலும் அது குவியும். நீந்தக் கற்பது குளத்தில். ஆற்றில் இறங்கும்போது அப்பழக்கம் காக்கும். எனினும் வீட்டோடு நின்றுவிட்டால், அடியாரோடு கூடும் பேற்றினை இழந்துவிடுவோம். நம் துயரம் ஒன்றே உலகில் பெரிது என்னும் மயக்கமும் நம்மை விட்டு நீங்காது. ஆயிரம் பேர் ஆயிரம் துயரங்களோடு ஒரே திருவடியை நோக்கி நிற்பதைக் காணும்போது, நம் சுமை சிறிது குறைகிறது. பிறருக்காகவும் வேண்டத் தோன்றுகிறது. தனக்கென்று வேண்ட வந்தவர் பிறர்க்கென்றும் வேண்டி மீள்வது, கூட்டம் நமக்குத் தரும் கொடை.

திருமயிலைப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் விழா. மாட வீதிகளில் கால் வைக்க இடம் இராது. வழியெங்கும் நீர்மோரும் பானகமும் அன்னமும் வழங்குவார்கள். வாத்திய முழக்கமும் அரகர முழக்கமும் விண்ணைப் பிளக்கும். அத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே கபாலீசுவரப் பெருமானோடு வீதியுலா எழுந்தருளும் அடியார்களுள், ஒலியே இல்லாத மனக்கோயில் கட்டிய வாயிலார் நாயனாரும் ஒருவர். கூட்டத்திற்குள் செல்லும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுப்பிய கோயிலுக்கு வரிசை இல்லை. அது நடை சாத்தப்படுவதும் இல்லை. அதனை உள்ளத்தில் தாங்கிக்கொண்டு புறக்கோயிலுக்குள் அடியெடுத்து வைப்போமாக.

திருச்சிற்றம்பலம்.