சின்னஞ்சிறு இதயங்களைக் காக்கும் கரங்கள்

 

கொட்டகலையின் பனிக்குளிரில் கைக்குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தால், குளிர்தானே என்று எண்ணிப் போர்வையை இறுக்கிப் போர்த்துகின்றோம். குளிரில் கைகால்கள் நீலமாவதுண்டு. ஆனால் நாக்கும் நீலமாவது இதயக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். பால் குடிக்கையில் களைத்து வியர்ப்பது, வேகமாக மூச்சு வாங்குவது, எடை கூடாதிருப்பது ஆகியனவும் அவ்வாறே.

பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்கு இதயக் குறைபாடு உண்டு. சிறு துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரிய துவாரத்தைக் கவனியாது விட்டால், நுரையீரலுக்கு அளவுமீறி இரத்தம் பாய்ந்து அதன் நாளங்கள் தடித்துவிடும். அதன்பின் சத்திரசிகிச்சையாலும் பயன் கிட்டாது போகலாம். ஆகவே தாமதமே பேராபத்தாகும்.

இச்சிகிச்சைக்கு வசதியற்ற நாடுகளின் பிள்ளைகள் என் செய்வர்? 1975இல் உகண்டாவின் 5 வயதுச் சிறுமி ஒருத்தியை ரோட்டரி அன்பர்கள் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று சிகிச்சை செய்வித்தனர். இன்றோ வைத்தியர்களே பிள்ளைகளை நாடிச் செல்கின்றனர். சத்திரசிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், தீவிர சிகிச்சைத் தாதியர் எனக் குழுவாகச் சென்று ஊதியமின்றி உழைக்கின்றனர். பிரித்தானிய முஸ்லிம்களின் முன்ததா எயிட் அமைப்பும், 2015இல் நிறுவப்பட்ட சவூதியின் மன்னர் சல்மான் நிவாரண நிலையமும் இத்தகைய குழுக்களை அனுப்பி வருகின்றன. குழு சில நாட்களில் திரும்பிவிடும். உள்ளூர் வைத்தியருக்குக் கற்றுக்கொடுத்த கலையோ நிலைத்து நிற்கும். அதுவே நிலையான தர்மம்.

ஓர் உயிரை வாழவைப்பதன் மகத்துவத்தை அல்மாஇதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் உணர்த்துகின்றது. மருத்துவக் கல்வி பர்ளு கிபாயா என்றார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஒருவரும் அதனைக் கல்லாவிடின் ஊர் முழுவதும் குற்றவாளியாகும்.

பெற்றோர்களே! நம் நாட்டில் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இச்சத்திரசிகிச்சை இலவசமாகவே செய்யப்படுகின்றது. அடையாளம் கண்டதும் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணன்று. இளைஞர்களே! கொழும்பு சென்றறியாத தோட்டத்துத் தாய்க்கு, அவர் எம்மதத்தவராயினும், வழித்துணையாகச் செல்லுங்கள். இரத்த தானம் செய்யுங்கள். இயன்றவர் வைத்தியராகவும் தாதியராகவும் கற்றுத் தேறுங்கள். கடல் கடந்து வருவோருக்கு இருக்கும் இரக்கம், அடுத்த லயத்தில் வாழும் பிள்ளைமீது நமக்கு இல்லாது போகலாமா?

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண சுகத்தை அருள்வானாக! ஆமீன்.